அம்மாவுக்கு நான் ஊதிய விசில்

காலை நடைக்கு வருகிற நம் கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கைகாட்டுகிறீர்கள். "அவங்கள பாருங்க, அறுபத்து நாலு வயசு, ஒரு நாள் லேட்டா வந்தது உண்டா? கல்யாண வீட்டுல ஒரு லட்டைத் தொட்டது உண்டா?" என்று போன வாரம் டீக்கடை முன்னால் ஒருவர் கேட்க, மற்றவர்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். அன்றாட வாழ்க்கையில் சுயகட்டுப்பாட்டை வளர்த்துக்கொள்வது எப்படி என்று நம் வாட்ஸ்அப் குழுவுக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். உட்கார்ந்தேன். நாலு வரியில் அடங்கவில்லை. இதைப் படித்து முடித்ததும் என்னைக் கைகாட்டுவதை நிறுத்திவிடுவீர்கள் என்று நினைக்கிறேன். நிறுத்திவிட்டால் நிம்மதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் எத்தனை மணிக்கு எழுவது, எழுந்ததும் எத்தனை டம்ளர் வெந்நீர் குடிப்பது என்பதெல்லாம் இதில் கிடையாது. அதற்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கட்டுப்பாடு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். அது ஓர் ஆடி மாதத்தில் வந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் வீடு கூட்டேரிப்பட்டில், நெடுஞ்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். அப்பாவுக்குத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில், ஒரு தனியார் பஸ் கம்பெனியில் டைம் கீப்பர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனைக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து, நேரம் ஆனதும் விசில் ஊத வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினால் பின்னால் வரும் வண்டிக்காரன் சண்டைக்கு வந்துவிடுவான். முப்பது வருஷம் அந்தச் சண்டைகளுக்கு நடுவில் நின்றவருக்கு வீடும் ஒரு பஸ் ஸ்டாண்டாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். பசிக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த வருஷம் அம்மாவுக்குக் காலில் ஒரு புண் ஆறவே இல்லை. திண்டிவனத்து டாக்டர் சோதித்துவிட்டுச் சர்க்கரை வியாதி என்றார். எங்கள் தெருவுக்கு அது புதிது. "பணக்கார வியாதியாச்சே, இவளுக்கு எப்படி வந்துச்சி?" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். திருட்டுத்தனமாகச் சர்க்கரை தின்றிருப்பாள் என்று தாங்களே முடிவும் செய்தார்கள். வாயைக் கட்டத் தெரியாதவர்களுக்கு வருகிற வியாதி என்று அதற்குப் பெயராகிவிட்டது. அப்பாவும் அப்படித்தான் நம்பினார். தன் வீட்டில், தன் கண்ணெதிரில், ஒருத்தி கட்டுப்பாடு இல்லாமல் இருந்துவிட்டாளே என்று அவருக்கு மானம் போனது மாதிரி இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் டாக்டரிடம் மறுபடி போனோம். அப்பா எங்களை உள்ளே அனுப்பிவிட்டு, பதினோரு மணி வண்டியைக் கிளப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும் மட்டும்தான் உள்ளே இருந்தோம். டாக்டர் புது மாத்திரை எழுதினார். சீட்டைக் கொடுக்கும்போது சொன்னார்:

"இந்த மாத்திர கொஞ்சம் வேகமானது. பட்டினி கெடக்கக் கூடாது. ஒரு துண்டு பனைவெல்லம் எப்பவும் முந்தானையில முடிஞ்சி வச்சிக்கம்மா. திடீர்னு வேர்த்து, கை கால் நடுங்குச்சின்னா உடனே வாயில போட்டுக்கணும். புரியுதா?"

"சரிங்க" என்றாள் அம்மா.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அந்த அறையில் அடித்த மருந்து வாசனை, டாக்டரின் மேஜைமேல் இருந்த கண்ணாடிக் குண்டு, அதற்குள் இருந்த பச்சைப் பூ எல்லாம் நினைவிருக்கிறது. அவர் சொன்னதும் ஒரு சொல் விடாமல் காதில் விழுந்தது. இதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் அன்றைக்கு வைத்துக்கொள்ளவில்லை.

ஆடி பிறந்த அன்று அப்பா சுவரில் சாக்பீஸால் அம்மாவுக்கு ஒரு அட்டவணை எழுதினார். ஏழரைக்குக் கேப்பைக் களி, ஓர் உருண்டை. ஒன்றுக்குக் கொஞ்சம் சோறு, முருங்கைக்கீரை. ஏழுக்கு மறுபடி களி. நடுவில் எதுவும் கிடையாது. சர்க்கரை டின்னையும் வெல்லப் பானையையும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் மாட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பழைய பித்தளை விசிலை எடுத்து அதே கயிற்றில் கட்டினார்.

"நான் இல்லாத நேரத்துல நீதான் இங்க டைம் கீப்பர். ஒங்கம்மா நேரங்கெட்ட நேரத்துல எதையாச்சும் வாயில போட்டா, ஒரே ஒரு ஊது. அவளே கீழ வச்சிடுவா" என்றார்.

"இன்னாங்க இது, பெத்தவளுக்குப் புள்ளய காவல் போட்டுக்கினு" என்று சிரித்தாள் அம்மா. விளையாட்டு என்று நினைத்தாள் போல.

"ஒன் நல்லதுக்குத்தான்" என்றார் அப்பா.

அதுவரை அப்பா என்னிடம் ஒரு பொறுப்பையும் கொடுத்தது கிடையாது. எனக்கு இரண்டு அண்ணன்கள். செஞ்சியில் ஹாஸ்டலில் படித்தார்கள். வீட்டில் பேச்சு எப்போதும் அவர்களைப் பற்றித்தான். நான் ஒருத்தி இருப்பது தட்டு கழுவும்போதுதான் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவளின் கழுத்தில் சாவியும் விசிலும் தொங்கினால் எப்படி இருக்கும்? குளிக்கும்போதுகூட நான் அதைக் கழற்றவில்லை. விதைப்பு முடியும்வரை எனக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றும் அப்பா சொல்லிவிட்டார்.

ஆடிப் பட்டத்தில் மல்லாட்டை விதைக்க வேண்டும். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. விதைக்காக எடுத்து வைத்த மூட்டைகளைப் பிரித்துக் கையாலேயே உடைக்க வேண்டும். பருப்பில் கீறல் விழுந்தால் முளைக்காது. கொல்லைப்புறத்தில் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து நாலைந்து பெண்கள் உட்கார்ந்து உடைப்பார்கள். நாளெல்லாம் சடசடவென்று சத்தம் கேட்கும். மதியத்துக்குள் வீடெங்கும் சிவந்த புழுதி படிந்துவிடும். அம்மாவும் அவர்களோடு உட்கார்ந்து உடைப்பாள். உடைக்கிற கை இரண்டு பருப்பை வாய்க்குக் கொண்டுபோவது அந்த வேலையோடு பிறந்த பழக்கம். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

நான் சொன்னேன். அம்மாவின் கை வாயருகே போனதும் ஊதினேன்.

முதல் நாள் எல்லாரும் திடுக்கிட்டார்கள், அப்புறம் சிரித்தார்கள். அம்மா கையைக் கீழே போட்டாள். "போலீஸ் வந்துடிச்சிடி" என்று ஒருத்தி சொல்ல, அம்மாவும் கூடச் சிரித்தாள். இரண்டாம் நாளும் சிரித்தாள். நாலாம் நாள் அவள் சிரிக்கவில்லை. தெருவில் பிள்ளைகள் அம்மாவைப் பார்த்தால் வாயில் விரல் வைத்து விசிலடிக்க ஆரம்பித்திருந்தார்கள். கடைக்குப் போவதை அவள் நிறுத்திக்கொண்டாள். அவள் மோர் குடித்தால் ஊதினேன். களியில் கொஞ்சம் பெரிய உருண்டையாகப் பிடித்தால் ஊதினேன். சாயந்திரம் அப்பா சட்டையைக் கழற்றும்போதே, "இன்னிக்கி எத்தினி?" என்று கேட்பார். நான் சொல்வேன். "இதுக்குப் பேருதான் டிசிப்ளின்" என்று என் தலையில் கை வைப்பார். அந்தக் கையின் கனத்துக்காக நான் ஒன்றுக்கு இரண்டாகவும் சொல்லியிருக்கிறேன்.

மல்லாட்டை உடைக்க வந்தவர்களில் ஒரு அக்கா உண்டு. அக்கா என்று இப்போது எழுதுகிறேன். அப்போது நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், வா போ என்றுதான் பேசுவேன். எங்கள் வீடுகளில் காலனியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிட்டோம், பெரியவர்கள் திருத்தவும் இல்லை. அவர்களுக்கு டீ ஊற்றுகிற அலுமினிய டம்ளர்கள் கொல்லைப்புறக் கூரை இடுக்கில் தனியாகச் செருகியிருக்கும். அவர்களே எடுத்து, குடித்து, கழுவிச் செருகிவிட வேண்டும். இதெல்லாம் நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அந்த அக்கா என் விசிலுக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை. ஒருமுறை மட்டும், "ரெண்டு பருப்புதான பாப்பா, துன்னுட்டுப் போவட்டுமே" என்றார். "ஒனக்கு இன்னா தெரியும்?" என்றேன். அவர் தலையைக் குனிந்து உடைக்கத் தொடங்கினார்.

ஆடி பத்தாம் தேதி இருக்கும். அம்மா துணி துவைக்கும்போது முந்தானை முடிச்சு என் கண்ணில் பட்டது. ஈரத்தில் பழுப்பாகக் கறை ஊறியிருந்தது. அவள் குளிக்கப் போனபோது முடிச்சை அவிழ்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு நாலு துண்டு பனைவெல்லம். ஊதவில்லை. அப்பா வரட்டும் என்று காத்திருந்தேன். அன்று சாயந்திரம் வரை என் நெஞ்சு குதித்த குதிப்பு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய அன்றுகூட அப்படிக் குதித்ததில்லை.

அப்பா வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை.

"இது இன்னா?"

"டாக்டருதாங்க வச்சிக்கச் சொன்னாரு. மயக்கம் வந்தா வாயில போட்டுக்கணுமாம்."

"சக்கர வியாதிக்கு வெல்லம் குடுக்கற டாக்டரு எந்த ஊர்ல இருக்கான்?"

"நெஜமாத்தாங்க. பாப்பாகூட அங்கதான் இருந்திச்சி. கேளுங்க."

அப்பா என் பக்கம் திரும்பினார். "டாக்டரு அப்பிடிச் சொன்னாரா?"

தோழிகளே, நண்பர்களே, இந்த இடத்தில் என் பக்கம் ஒரு நியாயம் சொல்ல ஐம்பத்து நாலு வருஷமாகத் தேடுகிறேன். சின்னப் பெண், மறந்திருப்பாள், புரிந்திருக்காது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பார்த்துவிட்டேன். மறக்கவில்லை, புரியாமலும் இல்லை. ஆமாம் என்று சொன்னால் அன்று நான் கண்டுபிடித்தது ஒன்றுமில்லாமல் போகும். தலையில் அந்தக் கை விழாது. அவ்வளவுதான்.

"இல்லப்பா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா வெல்லத்தைக் கொல்லைப்புறத்தில் வீசினார். "பொய் வேறயா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, கை கழுவப் போனார். மறுநாள் காலை அந்த இடம் முழுக்கக் கறுப்பாக எறும்பு மொய்த்திருந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. மயிலம் போகிற காவடிக் கூட்டம் விடியலிலிருந்தே எங்கள் கூட்டு ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் ஓயவில்லை. சிறப்பு வண்டிகள் விட்டதால் அப்பா அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். போகும்போது, "மாத்திரய மட்டும் தவற வுடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா வருஷா வருஷம் கிருத்திகைக்கு விரதம் இருப்பவள். சாயந்திரம் விளக்கேற்றிப் படைத்த பிறகுதான் வாயில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் படும். பட்டினி கிடக்காதே என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். ஆனால் முருகனுக்கு இருப்பதை எங்கள் வீடுகளில் யார் பட்டினி என்று சொல்வார்கள்? காலையில் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, புருஷன் சொன்னதற்காக மாத்திரையையும் விழுங்கினாள். இரண்டு கட்டுப்பாட்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாள்.

மூன்று மணி இருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து பாடம் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கொல்லைப்புறத்திலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றி விபூதி வியர்வையில் கரைந்து மூக்கு வரை வழிந்திருந்தது.

"கண்ணு, அந்தச் சாவியக் குடு."

"எதுக்கு?"

"ஒரு துளி சக்கர. ஒரே ஒரு துளி."

"இன்னிக்கி வெரதம்மா" என்றேன். "மணியும் மூணுதான் ஆவுது."

"சாமி மன்னிச்சிக்கும். குடுடா கண்ணு. கை நடுங்குது பாரு."

கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கியது. டாக்டர் சொன்னது அப்படியே எதிரில் நின்றது. எனக்கு உள்ளுக்குள் எங்கோ தெரிந்தும் இருந்தது. ஆனால் சாவியைக் கொடுத்தால் போன வாரம் சொன்னது பொய் என்று ஆகிவிடும். நான் எழுந்து பின்னால் நகர்ந்தேன். அம்மா கயிற்றைப் பிடிக்க எட்டினாள். வார்த்தை குழறியது. "குடுறி, குடுறி" என்று அவள் அதுவரை என்னிடம் பேசாத குரலில் கத்தினாள். நான் விசிலை வாயில் வைத்து ஊதினேன். நீளமாக, மூச்சு முட்டும்வரை ஊதினேன்.

கொல்லைப்புறத்தில் பெண்கள் சிரித்தார்கள். "இன்னிக்குமா?" என்று யாரோ கேட்டார்கள். பதினைந்து நாளாக அந்தச் சத்தத்துக்குச் சிரித்துப் பழகியிருந்தார்கள். யாரும் எழுந்து வரவில்லை.

அம்மா அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தாள். பிறகு பக்கவாட்டில் சாய்ந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. விசில் என் வாயிலேயே இருந்தது. பித்தளையின் கசப்பு நாக்கில் ஏறியது. ஓடிப்போய் யாரையாவது கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை.

எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. அந்த அக்காதான் உள்ளே வந்தார். கூடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பின்னால் என்னிடம் சொன்னார், விசில் நின்ற பிறகு அம்மாவின் குரல் கேட்கவே இல்லையே என்று எட்டிப் பார்த்தாராம். கையில், கடையிலிருந்து வாங்கி வந்து அவருக்கு ஊற்றியிருந்த டீ, அந்த அலுமினிய டம்ளரில். அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். விரலை டீயில் நனைத்து உதட்டுக்குள் தடவினார். மறுபடி நனைத்தார், தடவினார்.

"சக்கர கூடாது" என்றேன். அப்போதும் அதைத்தான் சொன்னேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இது பசி மயக்கம் பாப்பா. எங்களுக்குத் தெரியாதா இது?"

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தொண்டை அசைந்தது. பிறகு டம்ளரை அவளே பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். குடித்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அக்கா முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஒரு குழந்தையின் முட்டாள்தனம் என்று விட்டிருப்பேன்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். அம்மா பாயில் படுத்திருந்தாள். "இன்னா ஆச்சி?" என்று என்னைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா டீ குடிச்சாங்க. சக்கர போட்ட டீ. அவங்க டம்ளர்ல."

யார் கொடுத்தது என்று அப்பா கேட்டதும் அக்காவின் பேரையும் சொன்னேன். ஒரு சொல் பொய் இல்லை. முன்னால் நடந்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சர்க்கரை வியாதிக்காரி, விரத நாளில், கூரை இடுக்கு டம்ளரில், டீ குடித்திருக்கிறாள், அதனால்தான் விழுந்திருக்கிறாள் என்று அப்பா தானே வரிசைப்படுத்திக்கொண்டார். அவர் வேலையே வரிசைப்படுத்துவதுதான். அம்மா பாயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று பயந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் அப்பா வாசலிலேயே நிறுத்தினார்.

"நீ இனிமே வேலைக்கு வர வேணாம்."

"இன்னா தப்புப் பண்ணேங்கயா?"

"சக்கர வியாதிக்காரிக்கி டீய ஊத்திக் கொல்லப் பாத்தியே, அது போதாதா? யாரு டம்ளர்ல யாரு குடிக்கறதுன்னு ஒரு மொற இல்லயா?"

"அம்மா வுழுந்து கெடந்தாங்கயா. அதுக்கப்புறம்தான் குடுத்தேன். பாப்பா அங்கதான் நின்னுக்கினு இருந்திச்சி. பாப்பாவ கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்தேன். அப்பா கேள்வி கேட்கவே இல்லை. நான் வாய் திறக்காததே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "சரி பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வறண்ட மாதத்தில் விதை உடைப்பதை விட்டால் பெண்களுக்கு எங்கள் பக்கம் வேறு வேலை கிடையாது. அது எனக்கு அன்றும் தெரியும்.

ஆவணியில் மறுபடி டாக்டரிடம் போனோம். இந்தத் தடவை அப்பாவும் உள்ளே வந்தார். "மயக்கம் எதுனா வந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார். கிருத்திகை அன்று வந்தது என்றாள் அம்மா. "வெல்லம் போட்டுக்கினியா?" என்றார். அம்மா வெறும் முந்தானை நுனியைப் பார்த்தாள். டாக்டர் அப்பாவைப் பார்த்து, "போன தடவயே படிச்சிப் படிச்சிச் சொன்னேனேய்யா. உயிர் போற விஷயம். இந்தப் பொண்ணுகூட இங்கதான நின்னுச்சி" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான் பார்த்தார்.

வெளியே வந்தோம். மருந்துக் கடையில் ஒரு குளுக்கோஸ் டப்பா வாங்கினார். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்ததும் என் முன்னால் கையை நீட்டினார். கயிற்றைக் கழற்றிக் கொடுத்தேன். சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விசிலைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா மெல்லக் கேட்டாள். "அந்தப் பொண்ண மறுபடி வேலைக்கிக் கூப்புடலாங்க. பாவம்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இப்பப் போயி கூப்ட்டா நம்ம மேல தப்புன்னு ஆயிடும்" என்றார்.

அக்காவை யாரும் கூப்பிடவில்லை. தப்பு யார்மேல் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் கட்டுப்பாடாக இருந்தோம்.

இருபது வருஷம் கழித்து, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறினேன். கூட்டம். ஒரு பெண் எழுந்து, "இங்க குந்து பாப்பா" என்று இடம் கொடுத்தார். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. விசில் நின்றதும் எட்டிப் பார்த்த கதையை அன்றுதான் சொன்னார், ஏதோ வேடிக்கை நடந்தது மாதிரி. "அம்மா நல்லாருக்காங்களா? வேளைக்குத் துன்றாங்களா?" என்று கேட்டார். நல்லா இருக்காங்க என்றேன். அக்கா என்று ஒரு தடவை கூப்பிட வாயெடுத்தேன். வரவில்லை. மன்னிப்பு எங்கிருந்து வரும்? நான் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருக்கும்போதே இறங்கி, வெயிலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. தேடிப் போயிருக்கலாம். போகவில்லை.

இனிப்பை நான் தொடாததற்குக் காரணம் மன உறுதி என்று நினைக்கிறீர்கள். அந்த ஆவணிக்குப் பிறகு இனிப்பு என் தொண்டையில் இறங்குவதில்லை. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது ஏன் என்றால், யாராவது என்னைத் தேடி, கேள்வி கேட்டுவிடக் கூடாது என்ற பயம். பழக்கங்களை வளர்த்துக்கொள்ள நல்ல நல்ல வழிகள் இருக்கலாம். என் வழி இதுதான், யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள். அந்த நாற்பது வருஷமும் எதையாவது வாயில் வைக்குமுன் ஒரு நொடி நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். நான் கல்யாணமாகி விழுப்புரத்தில் குடியேறிய பிறகு, வந்து தங்கும்போதெல்லாம் பார்ப்பாள். என் பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டாலும் பார்ப்பாள். "சாப்பிடும்மா" என்று நான் சொன்னால்தான் கை மேலே போகும். அம்மாவுக்கு உன்மேல் எவ்வளவு பாசம் என்று என் கணவர் சொல்வார். நானும் ஆமாம் என்பேன்.

கடைசியில் என் வீட்டில்தான் படுத்தாள். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. டாக்டர் ஊசியையெல்லாம் நிறுத்திவிட்டு, "ஆசப்படறதக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். அவள் எதற்கும் ஆசைப்படவில்லை. என் பேரனுக்குப் பிறந்த நாள் வந்தது. ஒரு துண்டு கேக்கைச் சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. கேக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அம்மா, டாக்டர் வெல்லம் வச்சிக்கச் சொன்னது எனக்குக் கேட்டுச்சிம்மா. கேட்டும் இல்லன்னு சொன்னேன்."

இத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்தது இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அம்மா ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றாள். "நீ கதவாண்டயேதான் நின்னுக்கினு இருந்த. நான் பாத்தேனே."

என் கையை எடுத்து வைத்துக்கொண்டாள். தோல் மட்டுமாக, சூடே இல்லாமல் இருந்தது அவள் கை. நான் குனிந்து அழுதேன். அவள் அழ விட்டாள். பிறகு தட்டின் பக்கம் கண்ணைத் திருப்பினாள். நிமிர்ந்து, எப்போதும் போல என் முகத்தைப் பார்த்தாள்.

"இத இப்பத் துன்னலாமா?" என்று கேட்டாள்.